குழந்தை காணாமல் போன ஊரில் மக்களின் பயம் தணிய போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

வார்டு_செயலர்:
பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையை நேற்று மாலையிலிருந்து காணோம். பாதிப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கு வரவில்லை. வெள்ளை வேன், வடக்கத்திக் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நாளை இன்ஸ்பெக்டர் ஊர்க்கூட்டம் வைக்கிறார். 'பயப்பட வேண்டாம், விசாரணை நடக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். அவரிடம் நாங்கள் எதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்?

பழைய_ரைட்டர்:
முதல் கேள்வி: எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, இல்லை புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கிறதா? காணாமல் போனது குழந்தை என்றால் உடனே எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், வேறு விதமாகத் தெரியவரும்வரை கடத்தலாகவே கருத வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. '24 மணி நேரம் பார்ப்போம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். வழக்கு எப்போது பதிவானது என்பதை இன்ஸ்பெக்டர் கூட்டத்தில் முதல் வரியாகச் சொல்லட்டும். பாதிச் சந்தேகம் அங்கேயே அடங்கும்.

அடுத்து, தகவல் சொல்ல நேரம் குறிக்கச் சொல்லுங்கள். காலை 9, மாலை 6 என்றால் அந்த நேரத்துக்கு ஒரே அதிகாரி வந்து பேச வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். எந்தெந்தத் தெரு பார்த்தாயிற்று, எத்தனை கிணற்றில் ஆள் இறங்கினார்கள், எத்தனை கேமராப் பதிவு எடுத்தார்கள் என்று செய்த வேலையைச் சொன்னாலே போதும். சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

'கண்டிப்பாகக் கண்டுபிடித்துவிடுவோம்' என்ற வாக்குறுதி வேண்டாம். விசாரணை முடியுமுன் 'கடத்தல் இல்லை' என்பதும் வேண்டாம். சந்தேகத்தில் இருப்பவர் பெயர், செல்போன் டவர் விவரம் ஆகியவற்றை வெளியில் சொல்லக் கூடாது. குழந்தையின் அடையாளங்களில் ஒன்றிரண்டையும் வெளியிடாமல் வைத்திருப்பார்கள். பணம் கேட்டு வரும் போலி அழைப்பைச் சலித்தெடுக்க அதுதான் உதவும். எதை, ஏன் சொல்லவில்லை என்று அவரே விளக்கிவிட்டால் 'எதையோ மறைக்கிறார்கள்' என்ற பேச்சு எழாது.

தேடல்_வழி:
பயத்தில் இருப்பவர்களுக்குக் கையில் வேலை கொடுங்கள், ஆனால் ஒழுங்காகக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டு சம்ப், மாடித் தொட்டி, கட்டில் அடி, பூட்டிய கார், பாழ்வீடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியைச் சுற்றிவரும் பீட் போலீஸிடம் சொல்ல, அவர் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். சின்னக் குழந்தைகள் பல நேரம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒளிந்தோ மாட்டிக்கொண்டோ இருப்பார்கள். வெளியே தேடும்போது ஏழெட்டுப் பேருக்கு ஒரு காவலர் கூடவே போக வேண்டும். கடைசியாகப் பார்த்த இடத்தில் கூட்டம் மிதித்துவிட்டால் மோப்ப நாய்க்கு வாசனை குழம்பிவிடும். அந்த இடத்துக்குக் கயிறு கட்டுவது முதல் மணி நேர வேலை.

கேமராப் பதிவுகளை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். கடைகளில் கேமராக் காட்சியைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டியின் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும். சிலவற்றில் ஒரு வாரம்கூட நிற்காது. அதில் காட்டும் கடிகாரமும் பெரும்பாலும் தப்பாக ஓடும். எடுக்கும்போதே செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதிவைக்காவிட்டால், அடுத்தடுத்த கடைகளின் காட்சிகளைக் கோர்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. படம் சுருங்கி வண்டி நம்பர் கலைந்துவிடும்.

சிறார்_நலம்:
வதந்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதே காலத்தில் தெலங்கானாவின் கத்வால் பகுதியில் எஸ்.பி.யாக இருந்த ரெமா ராஜேஸ்வரி, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்கினார். பறையடித்துப் பாட்டுப் பாடி, பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று சுற்றிய வீடியோக்கள் பொய் என்று வாசல்வரை கொண்டுபோனார்கள். அங்கே ஓர் உயிரும் போகவில்லை. ஊர் பயந்து நிற்கும்போது, காகிதத்தில் வரும் மறுப்பறிக்கையைவிட முகம் தெரிந்த காவலரின் பேச்சுதான் எடுபடும்.

ஆகவே பீட் காவலரின் எண்ணைக் கூட்டத்திலேயே வாங்குங்கள். சந்தேகமான பதிவு எது வந்தாலும் அவருக்கு அனுப்ப, அவர் விசாரித்து அதே குரூப்பில் தன் குரலில் பதில் போட வேண்டும். 'யாரையும் பிடித்துவைக்காதீர்கள், 112-க்கு அழைத்து வண்டி எண், நேரம், போன திசை சொல்லுங்கள்' என்பதை இன்ஸ்பெக்டரே தன் வாயால் சொல்ல வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கும் அவர் நேரில் போய் வர வேண்டும். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், இன்று மிக அதிகமாகப் பயந்திருப்பவர்கள் அவர்களே.

வார்டு_செயலர்:
இதையெல்லாம் எழுதி எடுத்துப் போகிறேன். குழந்தை கிடைத்துவிட்டால்?

சிறார்_நலம்:
நல்லபடியாகக் கிடைக்கட்டும். கிடைத்த செய்தியை அதே அதிகாரி, அதே குரூப்புகளில், அன்றைக்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய போஸ்டர் வருஷக்கணக்கில் சுற்றி இன்னொரு ஊரைக் கலங்கடிக்கும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்துவார்கள். அதன்பின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எனவே இப்போது பகிரும் படத்தை அன்று அழிக்கும் பொறுப்பை ஒவ்வொரு குரூப் அட்மினிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.