முதல் தனிப் பயணமா? பலெர்மோவுக்குப் போங்கள்

ஐரோப்பாவுக்கு வந்து வேலை, வீடு, முகவரிப் பதிவு எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது, கையில் கொஞ்சம் யூரோவும் சேர்ந்திருக்கிறது, ஆனால் கூட வர ஆள் இல்லை. இப்படி யார் கேட்டாலும் நான் சொல்வது இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோதான். பார்சிலோனாவும் நீஸும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தனி ஆளுக்கு மேசை கேட்டு உட்கார்ந்து, சுற்றிலும் ஜோடி ஜோடியாக இருக்கிறவர்களுக்கு நடுவே சாப்பிடுவதற்குள் பசியே போய்விடும். பலெர்மோவில் நல்ல சாப்பாடு பாதிக்கு மேல் தெருவிலேயே கிடைக்கிறது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள், நீங்கள் தனியாக வந்தீர்களா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

முதலில் காகித விஷயம். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாட்டின் குடியிருப்பு அட்டை இருந்தால் இத்தாலிக்குத் தனி விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நீண்ட காலம் தங்குவதற்கென்று எடுத்து வந்த டி விசா முடிந்துபோய், அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் டிக்கெட் போடாதீர்கள். லண்டனில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. மலிவு விமானம் என்றால் பை அளவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கேதான் கரையும்.

விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ரயிலும் பஸ்ஸும் நேரே நகர மத்திய நிலையத்துக்கு வருகின்றன, டாக்ஸிக்காரர் கூப்பிட்டாலும் போக வேண்டாம். நேரம் இருந்தால் ரோமிலிருந்து இரவு ரயிலில் வாருங்கள். மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றி அக்கரை கொண்டுபோகிறார்கள். தூக்கம் கெடும், பரவாயில்லை.

தங்க மத்திய நிலையத்துக்கும் தேயாத்ரோ மாஸ்ஸிமோ என்ற ஓபரா அரங்குக்கும் இடையில் ஒரு ஹாஸ்டல் பாருங்கள். மாக்கேதா வீதி அங்கேதான் ஓடுகிறது, அதன் பெரும்பகுதியில் வண்டி வராது, இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பெண்கள் தனியாகப் போனால் ராத்திரி அந்த வீதியிலேயே திரும்பி வருவது நல்லது. குறுக்குச் சந்துகள் பகலுக்குப் போதும்.

அப்புறம் சாப்பாடு. பல்லாரோ, காப்போ இரண்டும் பழைய சந்தைகள், காலையில் போக வேண்டும். மரக்கறி உண்பவர்கள் தேட வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் களி போலக் கிண்டி, பார்ஸ்லி தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். பிறகு துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். பஜ்ஜி சாப்பிட்ட நாக்குக்கு முதல் கடியிலேயே மாவு பிடிபட்டுவிடும். எள் தூவிய பன்னைப் பிளந்து நாலைந்து துண்டுகளைச் சுடச்சுட உள்ளே அடுக்கித் தருவார்கள். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். மூன்று யூரோ சுமாரில் ஒரு வேளை முடிந்துவிடும். கூடவே உருளைக்கிழங்கு குரோக்கேயும் வைக்கச் சொல்லலாம்.

மற்றதில் கொஞ்சம் உஷார். ஸ்பிஞ்சோனே பார்க்கத் தக்காளி வெங்காய பிட்சா மாதிரி இருக்கும், உள்ளே நெத்தலி மீன் உண்டு. அரஞ்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையில் பெரும்பாலும் கறி இருக்கும். வெண்ணெய் அரஞ்சீனா என்று கேட்டு வாங்கினாலும் பன்றித் தொடைக்கறி வந்து நிற்கும். 'சென்ஸா கார்னே' (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, 'சென்ஸா ப்ரோஷுட்டோ, சென்ஸா பெஷ்ஷே' (பன்றித் தொடைக்கறி இல்லாமல், மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஊர் திறந்து கிடக்கிறது. ஸ்டிக்கியோலா என்றால் ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரி அடுப்பில் வாட்டுவது. புகையைப் பிடித்துக்கொண்டே போனால் கடை வந்துவிடும். பானி கா மேவுசா வேறு ரகம். கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து மெல்லிசாக அரிந்து, சாய்ந்த சட்டியில் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்கள். கடைக்காரர் நீள முள்கரண்டியால் அள்ளி, சட்டியின் ஓரத்தில் அழுத்திக் கொழுப்பை வடித்துவிட்டு பன்னில் வைப்பார். எலுமிச்சை மட்டும் போதும் என்றால் ஸ்கியெத்தா, ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் வேண்டுமானால் மரிதாதா. மாட்டுக்கறியோ பன்றியோ ஆகாது என்பவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

காபியைக் கவுண்டரில் நின்று குடியுங்கள். உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். உணவகத்தில் பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை வரும். அது ஏமாற்று இல்லை, அங்கே அதுதான் வழக்கம்.

ஞாயிறு காலை பெல்லெக்ரீனோ மலைக்குப் போங்கள். 1624 கொள்ளைநோய்க் காலத்திலிருந்து பலெர்மோவின் காவல் புனிதராக இருக்கும் சாந்தா ரொசாலியாவின் கோயில் அங்கே ஒரு குகைக்குள் இருக்கிறது. 80களிலிருந்து இங்கே குடியேறிய ஈழத் தமிழர்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக, அந்த மலையேறுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஏறும் வழியில் பக்கத்தில் தமிழ்ப் பேச்சு கேட்டால் வணக்கம் சொல்லுங்கள். எந்தக் கடையில் என்ன நல்லது, எங்கே அரிசி மலிவு என்று இணையத்தில் கிடைக்காததெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

கடலுக்கு மொந்தெல்லோ, 806ஆம் எண் பஸ். பஸ் டிக்கெட்டை முன்பே தபாக்கி என்ற புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். வெயில் கொளுத்தும், 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டி நல்ல கடைகள் பல பூட்டியிருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். மே அல்லது அக்டோபர் சரியாக இருக்கும்.