விஜிடி டர்போ உள்ள டீசல் ஜீப்பில் சூப்பர்சார்ஜரும் சேர்க்கலாமா? மலை ஏறும்போது 2000 ஆர்பிஎம் வரை இழுவையே இல்லை

சோளக்காடு ஜீப்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் ஜீப், விஜிடி டர்போ (உள்ளே அசையும் இறக்கைகள் உள்ள வகை). 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காரவள்ளியிலிருந்து மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை மேலே வருவேன். 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில் 1300-க்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து 2000 தொடும் வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் நகர மறுக்கிறது, கரும்புகை மட்டும் வருகிறது. 2000 தாண்டினால் பழைய மாதிரியே இழுக்கும். ஆறு மாதமாகத்தான் இந்தத் தொல்லை.

தெரிந்த மெக்கானிக் ஒரு யோசனை சொல்கிறார். பழைய பெட்ரோல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ட் சூப்பர்சார்ஜர், காந்த கிளட்சோடு, இரும்புக் கடையில் கிடக்கிறதாம். 45,000 ரூபாய்க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். இரண்டும் என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுபவைதான்; சூப்பர்சார்ஜரை என்ஜின் பெல்ட் சுற்றும், டர்போவை என்ஜின் புகை சுற்றும். கீழ் வேகத்துக்கு சூப்பர்சார்ஜர், மேல் வேகத்துக்கு டர்போ. இதை டர்போவுக்கு முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

டீசல் ஷெட்:
தம்பி, யோசனை புதிதல்ல. 1985-இல் வந்த லான்சியா டெல்டா எஸ்4 ராலி கார் இப்படித்தான் இரண்டையும் சுமந்தது, 1759 சிசி என்ஜின். 1989-இல் நிசான் மார்ச் சூப்பர் டர்போ, வெறும் 930 சிசி, 110 குதிரைத்திறன். 2005-இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ: 170 குதிரைத்திறன், 1750 ஆர்பிஎம்மிலேயே 240 நியூட்டன் மீட்டர். அதில் காற்று முதலில் சூப்பர்சார்ஜருக்குப் போய், அப்புறம் டர்போவுக்குப் போகும். 2400 வரை தேவைப்படும்போதெல்லாம் சூப்பர்சார்ஜர் வேலை செய்யும். அதற்கு மேல் 3500 வரை, திடீரென்று மிதித்தால் மட்டும் சேரும். 3500-க்கு மேல் கிளட்ச் விட்டுவிடும், டர்போ தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

டெட்ராய்ட் டீசலின் டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் வரிசை தலைகீழ். டர்போ முன்னால், ரூட்ஸ் புளோயர் (என்ஜினே சுற்றும் ஒரு வகை சூப்பர்சார்ஜர்) பின்னால். டூ ஸ்ட்ரோக்கில் காற்றை உறிஞ்சத் தனி ஸ்ட்ரோக் கிடையாது. யாராவது தள்ளினால்தான் சிலிண்டருக்குள் காற்று போகும், அதனால் புளோயர் இல்லாமல் அது ஸ்டார்ட்டே ஆகாது.

நான் வேலை பார்த்த டபிள்யூடிஜி-4 இரயில் என்ஜினில் இதைவிட அழகான ஏற்பாடு உண்டு. 4000 குதிரைத்திறன், அதுவும் டூ ஸ்ட்ரோக், ஆனால் தனி புளோயர் இல்லை. கீழ் வேகத்தில் டர்போவை என்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுற்றும். புகை போதுமான அளவு வந்ததும் டர்போ அந்தப் பல்சக்கரத்தை முந்தி ஓடும், இடையில் உள்ள கிளட்ச் தானாக விட்டுவிடும். சைக்கிள் ஃப்ரீவீல் எப்படியோ அப்படி. இறக்கத்தில் மிதிக்காமலே சக்கரம் ஓடுகிறதல்லவா. முதல் முறை அந்த கிளட்சைப் பிரித்துக் கையில் வைத்துப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

இதெல்லாம் முதல் நாளிலிருந்தே அப்படி வடிவமைத்தவை. உன் ஜீப் அப்படியல்ல. இன்னொன்று, ஆறு மாதத்துக்கு முன்பு வரை இதே டர்போவோடுதான் இதே மலையை ஏறினாய். அப்படியென்றால் டர்போ போதாமல் இல்லை, எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது. முன்னாலா பின்னாலா என்று கேட்பதற்கு முன் அதைத் தேடு.

லேத் பட்டறை:
அண்ணன் சொல்வதுதான் சரி. செலவுக் கணக்கையும் நான் சொல்லிவிடுகிறேன். இரண்டு அமுக்கியை வரிசையாக வைத்தால் அழுத்தம் கூட்டல் கணக்கில் வராது, பெருக்கல் கணக்கில் வரும். டர்போ காற்றை இரண்டு மடங்காக அமுக்கி, சூப்பர்சார்ஜர் ஒன்றரை மடங்காக அமுக்கினால், மொத்தம் மூன்று மடங்கு. டீசலில் கம்ப்ரஷனும் ஏற்கெனவே அதிகம். ஹெட் கேஸ்கெட்தான் முதலில் போகும். ரூட்ஸ் வகை என்றால் காற்று நன்றாகச் சூடாகவும் செய்யும், அந்தக் காற்றைக் குளிர்விக்க இப்போதிருக்கும் இன்டர்கூலர் தாங்காது.

காற்றை மட்டும் கூட்டினால் டீசலில் சக்தி வந்துவிடாது, அதற்கேற்ற டீசலும் வேண்டும். அதைத் தீர்மானிப்பது இசியு, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர். பைபாஸ் வால்வு, கிளட்சுக்கு கன்ட்ரோல், பிராக்கெட், பெல்ட் டென்ஷனர் எல்லாம் சேர்த்தால் 45,000 எந்த மூலைக்கு? அப்புறம் ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கல். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம்.

முதலில் இதைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, டர்போ பக்கத்தில், இறக்கைகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பியைக் கவனியுங்கள். உங்களுடையது வாக்குவம் (காற்று உறிஞ்சலில் இயங்கும்) வகையாக இருந்தால், இன்னொருவர் ஸ்டார்ட் செய்ததும் கம்பி முழுதாக இழுத்துக்கொள்ள வேண்டும். ஆஃப் செய்தால் திரும்பி வர வேண்டும். இழுக்கும்போதுதான் உள்ளே இறக்கைகள் மூடி, புகைக்கு வழி குறுகும். வழி குறுகினால்தான் குறைந்த புகையிலும் டர்போ வேகமாகச் சுற்றும். இறக்கைகள் திறந்தே நின்றால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும்: கீழே சோம்பல், மேலே வேகம். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் பெரிய ஹோஸ் கிழிந்திருந்தால் மேலேயும் இழுவை குறைந்திருக்கும், அதனால் என் சந்தேகம் அங்கே இல்லை. இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் வால்வு) திறந்தபடி மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சோளக்காடு ஜீப்:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை மகனை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்த்தேன். கம்பி ஒரு நூல்தான் அசைந்தது! ஆஃப் செய்தால் மெதுவாகத் திரும்புகிறது. இஜிஆர் சரியாக மூடுகிறது.

லேத் பட்டறை:
ஆக்சுவேட்டரில் உள்ள ரப்பர் டியூபைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது டியூப் முனையில் விரல் வையுங்கள். நன்றாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சல் பலமாக இருந்தும் கம்பி வரவில்லை என்றால் இறக்கைகள் கரி பிடித்து இறுகியிருக்கின்றன, அல்லது ஆக்சுவேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உறிஞ்சலே இல்லையென்றால் கோளாறு டியூபில், அல்லது உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டில். சூட்டில் கை வைக்காதீர்கள்.

சோளக்காடு ஜீப்:
உறிஞ்சல் மிகக் குறைவு. டியூபைத் தடவிக்கொண்டே போனேன். சோலனாய்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால், கிளிப்புக்கு அடியில், நீளவாக்கில் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, வளைத்தால் வாய் திறக்கிறது. யாரோ முன்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள், அது சூட்டில் உருகிப் பிசுபிசுவென்று கிடந்தது.

டீசல் ஷெட்:
அதேதான். வெறும் டேப் சுற்றாதே தம்பி, முழு டியூபையும் மாற்று. வாக்குவம் டியூப் என்றே கேட்டு வாங்கு, கெட்டியாக இருக்கும். சாதாரண ரப்பர் டியூப் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

சோளக்காடு ஜீப்:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். டியூப் மாற்றியதும் கம்பி பாதி தூரம் வந்தது, முழுதாக வரவில்லை. டர்போவைக் கழற்றி இறக்கைகளின் கரியைச் சுத்தம் செய்ததும் ஒரே சீராக ஓடுகிறது. பூஸ்ட் கேஜ் இரவல் வாங்கி இரண்டு நேரமும் பார்த்தேன். 1500-இல் முன்பு 0.2 பார், இப்போது 0.8. நேற்று முழு லோடோடு ஏறினேன். எந்த வளைவிலும் முதல் கியர் கேட்கவில்லை, கரும்புகையும் இல்லை. டியூபும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய். மெக்கானிக்கிடம் சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணா, அந்த ஃப்ரீவீல் கிளட்சின் படம் இருந்தால் போடுங்கள், மகன் பார்க்க வேண்டும் என்கிறான்.