பிரகடன நாள்: கிளெனெல்கில் கண்டதும் கேட்டதும்

தென் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 26 அன்று வரும் அரசு விடுமுறைக்குச் சட்டப்படி பிரகடன நாள் என்றே பெயர். ஆனால் விழா நடப்பது டிசம்பர் 28 காலையில், அடிலெய்டின் கடற்கரைப் புறநகரான கிளெனெல்கில். 1836ஆம் ஆண்டு அதே தேதியில், 'பஃபலோ' கப்பலில் வந்திறங்கிய முதல் ஆளுநர் ஜான் ஹிண்ட்மார்ஷின் சார்பில், அவருடைய செயலாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் குடியேறிகள் முன், காலனியின் அரசு அமைந்ததை அறிவிக்கும் ஓர் அறிக்கையைப் படித்தார். அது நடந்த இடமாகக் கருதப்படும் மெக்ஃபார்லேன் தெருப் பூங்காவில், வில்லாக வளைந்த, பட்டுப்போன யூகலிப்டஸ் மரம் ஒன்றைக் கூரையிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த அறிக்கை அங்கே மீண்டும் படிக்கப்படுகிறது.

அடிலெய்டில் குடியேறிய பிறகு, இம்மாநிலத்தின் தொடக்கத்தைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆவலில்தான் நான் அந்த விழாவுக்குச் சென்றேன். கப்பல்கள், கொடி, ஆளுநரின் உரை ஆகியவற்றையே எதிர்பார்த்திருந்த எனக்கு, படிக்கப்பட்ட அறிக்கையின் பெரும்பகுதி அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றியதாக இருந்தது வியப்பளித்தது. பிற குடிமக்களுக்கு உள்ள பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு, அவர்களுக்கு எதிராக வன்முறையிலோ அநீதியிலோ இறங்குவோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள் என்று ஆளுநர் அறிவித்திருக்கிறார். கைதிகளைக் கொண்டு வந்து குடியேற்றாத காலனி இது என்று இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கு இணையாக இந்த வாக்குறுதியையும் நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

அன்று என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி, தம் முன்னோர் 1836இல் வந்த கப்பல்களில் ஒன்றில் பயணம் செய்தவர்கள் என்றார். விழா முடிந்ததும் அவர் பேசியது குடும்பப் பெருமையைப் பற்றியல்ல. இங்கே படிக்கப்படும் அறிக்கையைவிட முக்கியமான ஆவணம் ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் படியுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். இந்தக் காலனியை நிறுவுவதற்காக, பிரிட்டிஷ் அரசர் நான்காம் வில்லியத்தின் பெயரால் 1836 பிப்ரவரி 19 அன்று வெளியிடப்பட்ட பட்டயத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். அந்தப் பட்டயத்தில் உள்ள எதுவும், பூர்வகுடிகள் அப்போது குடியிருந்தும் அனுபவித்தும் வந்த நிலங்களின் மீது அவர்களுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் உள்ள உரிமையைப் பாதிக்காது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1834இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ இதே நிலத்தை ஆளில்லாத தரிசு என்று வர்ணித்திருந்தது. குடியேறிகள் கப்பலேறும் முன்பே லண்டனில் நிலம் விற்கப்பட்டு, அந்தப் பணத்தைக் கொண்டே உழைப்பாளிகளை அனுப்பும் திட்டம் வகுக்கப்பட்டிருந்ததால், பட்டயத்தின் விதி எவருடைய கையையும் தடுக்கவில்லை. வந்தவர்களின் மரபில் பிறந்த ஒருவர் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னது என் மனத்தை மிகவும் தொட்டது.

பிறிதோர் ஆண்டில், கௌர்னா இனத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர் ஒருவருடன் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அடிலெய்டு சமவெளி முழுவதும் அவருடைய மக்களின் நிலம். உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்ட நாளை நினைவுகூரும் விழாவுக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்கத் தயங்கினேன். அவரே அதற்குப் பதில் சொன்னார். "கொண்டாடுவதற்காக நான் வரவில்லை. எங்களுக்குக் கொடுத்த வாக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஆளுநர் முன்னிலையில் உரக்கப் படிக்கிறார்கள். அதைக் கேட்க எங்களில் ஒருவராவது இங்கே இருக்க வேண்டும்" என்றார். கௌர்னா மக்கள் 2000ஆம் ஆண்டில் தொடுத்த நில உரிமைக் கோரிக்கைக்குக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஏற்பு 2018 மார்ச்சில்தான் கிடைத்தது. அதுவும் எஞ்சியிருந்த சில நிலத்துண்டுகளுக்கு மட்டுமே. தனியாருக்கு விற்கப்பட்ட நிலத்தில் அந்த உரிமை செல்லாது.

இதே மாநிலத்தைச் சேர்ந்த கங்காரு தீவிலுள்ள கிங்ஸ்கோட் ஊரார், குடியேற்றத்தின் உண்மையான தொடக்கம் தங்கள் கரையில்தான் நிகழ்ந்தது என்பார்கள். 'டியூக் ஆஃப் யார்க்' கப்பல் 1836 ஜூலை 27 அன்றே அங்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்குள்ள ரீவ்ஸ் முனையில் அக்காலத்தவர் நட்ட முசுக்கொட்டை மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. நல்ல தண்ணீர் போதாமையால் அந்தக் குடியிருப்பு நிலைக்கவில்லை.

என் கருத்தில், விழாவில் ஆளுநரின் அறிக்கையோடு பட்டயத்தின் அந்த விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆண்டின் ஆவணங்கள். ஒன்று பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது, மற்றது நிலத்தைப் பற்றியே பேசுகிறது. அந்த விதி ஒரே வாக்கியம்தான், படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. செல்ல விரும்புவோர் நகரின் நடுவிலிருந்து டிராம் ஏறி மோஸ்லி சதுக்கத்தில் இறங்கி, வடக்கு நோக்கி நடந்தால் பூங்காவை அடையலாம். டிசம்பர் வெயில் கடுமையாக இருக்குமாதலால் தொப்பியும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். பட்டயத்தின் அந்த விதியை முன்பே படித்துவிட்டுச் சென்றால், அங்கு படிக்கப்படும் அறிக்கை வேறு விதமாகக் கேட்கும்.