மிஸ்ஸிங்குக்குத் தமிழில் என்ன? ‘எரிதவறல்’ என்று ஒரு பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

அதிவேகத்தில் எஞ்சின் ‘மிஸ்ஃபயர்’ ஆவதற்கு, அதாவது ஒரு சிலிண்டரில் எரிப்பு நடக்காமல் போவதற்கு, தமிழ்ச்சொல் கேட்டதில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பொறிதவறல், பற்றவைப்புப் பிழை, தவறெரிவு. முதல் இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான். கோளாறுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் அவை காரணத்தையே பெயராக்கிவிடுகின்றன. அதிவேகத்தில் வரும் கோளாறில் அது ஆளைத் தவறான இடத்தில் தேடவைக்கும்.

பட்டறையில் ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள். அதில் பொறி (ஸ்பார்க்) விழும் பிளக் மீதோ, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் மீதோ பழி இல்லை. ஒரு சிலிண்டர் தன் முறை வந்தபோது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் கணினிக்குத் தெரிவதும் அந்த அளவுதான். கிராங்க் தண்டோடு சுற்றும் பற்சக்கரத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு எரிப்பும் தண்டை ஒருமுறை உந்துகிறது. உந்து வராவிட்டால் அடுத்த சில பற்கள் சற்றுத் தாமதமாகக் கடக்கும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் பி0301, பி0302 போன்ற கோளாறுக் குறிகள் கணினியில் பதிவாகின்றன. கடைசி இலக்கம் சிலிண்டர் எண். இன்ன சிலிண்டர் என்று பிரிக்க முடியாவிட்டால் பி0300. பொறி விழுந்ததா, பெட்ரோல் போதிய அளவு வந்ததா, வால்வு சரியாக மூடியதா என்பதெல்லாம் அந்தக் குறியில் கிடையாது.

‘பொறிதவறல்’ நூற்றுக்கு நூறு பொருந்தும் இடம் ஒன்று உண்டு: டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடுவது) சி.பி. பாயிண்டும் (காயிலின் மின்னோட்டத்தை மூடித் திறக்கும் சுவிட்ச்) வைத்த பழைய நான்கு சிலிண்டர் வண்டி. ஒரே காயில், நான்கு பிளக்குக்கும் அதுதான். பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில்தான் காயிலில் மின்னோட்டம் ஏறும். மூடியிருக்கும் கோணம் 55 பாகை என்று வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும்போது காயிலுக்குச் சுமார் 20 மில்லிநொடி கிடைக்கிறது. 6000 சுற்றில் கிடைப்பது 3 மில்லிநொடிதான். மின்னோட்டம் முழுசாக ஏறுவதற்குள் பாயிண்ட் திறந்துவிடும், பொறி நோஞ்சானாகிவிடும். போதாக்குறைக்கு, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பாயிண்ட் சரியாக மூடாமல் துள்ளவும் செய்யும். அங்கே தவறுவது பொறியேதான்.

பிளக்குக்கு ஒரு காயில் வந்தபிறகு கணக்கு மாறிவிட்டது. அதே 6000 சுற்றில் ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு பொறிக்கு நடுவே 20 மில்லிநொடி இருக்கிறது. நேரப் பஞ்சம் இல்லை. ஆகவே புது வண்டி மேல் சுற்றில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் பெட்ரோல் பக்கத்தையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். பம்ப் சோர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ ஐடிலில் ஒரு குறையும் தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் கேட்கிற அளவு பெட்ரோலைத் தர முடியாமல் அழுத்தம் இறங்கும், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். பொறி ஒழுங்காக விழும், ஆனால் பற்றாது. இதைப் போய் எப்படிப் பொறிதவறல் என்பது?

‘அதிவேகம்’ என்ற சொல்லிலும் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். ‘ஸ்பீடுல போனா மிஸ்ஸிங்’ என்று வண்டிக்காரர் சொன்னால் அவர் மனதில் இருப்பது சாலை வேகம். ஐந்தாவது கியரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் பல கார்களின் எஞ்சின் 3000 சுற்றையொட்டித்தான் ஓடும். அங்கே உயர்ந்திருப்பது சுற்று அல்ல, சுமை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அதிகக் காற்று போய் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கோ, காயிலின் ரப்பர் உறையில் வெடிப்போ இருந்தால் பொறி சுலபமான வழியாகப் பக்கவாட்டில் இறங்கிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது போன தடம் என்று அறியலாம். சுமையாலா சுற்றாலா என்று பிரிக்க, குறைந்த சுற்றில் உயர் கியரிலேயே ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தால் போதும். அங்கேயும் உதறினால் முதலில் பார்க்க வேண்டியது காயில், பிளக். இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கு மாற்றிப் போட்டதும் குறி பி0302-லிருந்து பி0303-க்குப் போனால் குற்றவாளி காயிலேதான்.

ஆகவே ‘உயர்சுழல்வு’, ‘உயர்சுமை’ என்று இரண்டு சொற்களாகப் பிரித்துவிடலாம் என்பது என் கட்சி.

மேல் சுற்றில் கணினிக்கே கண்டுபிடிப்பது கடினம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஐடிலில் 750 சுற்று என்றால் ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 40 மில்லிநொடி, 6000 சுற்றில் 5. வேகமாகச் சுற்றும் தண்டு ஒரு உந்து குறைந்ததற்காகப் பெரிதாகத் தளராது. தண்டின் முறுக்கதிர்வும் குழப்பும், குண்டும் குழியுமான சாலையும் அதேபோல் குழப்பும். அதனால் மேல் சுற்றில் குறி இல்லை என்பதற்காக மிஸ்ஸிங் இல்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது வேறு சங்கதி. எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் வினையூக்கியில் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) போய் எரிந்து அதை உருக்கிவிடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

‘தவறெரிவு’ பற்றி: காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எரிந்தது, தப்பாக எரிந்தது என்றுதான் பொருள் படுகிறது. முன்கூட்டியே பற்றுவது, நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) முதலியவற்றுக்குப் பொதுப்பெயராக அதை எடுத்துவைக்கலாம்.

என் பரிந்துரை ‘எரிதவறல்’. எரி என்பது நெருப்புக்குப் பழைய பெயர். எரி தவறியது, எழுவாய்த்தொடர், வல்லினம் மிகாது. வினையாகவும் வளையும்: ‘மூன்றாம் சிலிண்டர் எரிதவறுகிறது’, ‘எரிதவறிய சுழற்சி’, ‘எரிதவறல் எண்ணிக்கை’. அதற்குள் ஒரு வகையாகப் ‘பொறிதவறல்’ இருந்துகொள்ளட்டும், ‘மெலிகலவை எரிதவறல்’ இன்னொரு வகை.

எஞ்சின் எல்லைச் சுற்றைத் தொட்டதும் கணினியே வேண்டுமென்று பெட்ரோலையோ பொறியையோ வெட்டுகிறதே, அதை இதில் சேர்க்கக் கூடாது. ‘எல்லைவெட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காயிலில் மின்னோட்டம் ஏறும் ‘டுவெல்’ நேரத்துக்கும் சொல் வேண்டும். ‘ஏற்றநேரம்’ என்றால் பேட்டரி சார்ஜ் என்று எடுத்துக்கொள்வார்களோ?