தரையில் அமர்ந்திருக்கும் அம்மாவை வரைந்தால் பொம்மை போல வருகிறது: எங்கே தவறுகிறேன்?

கீரைக்கட்டு:

வணக்கம். குரோம்பேட்டையில் வசிக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன ஓவியத்தை நான்கு மாதங்களுக்கு முன் மறுபடியும் கையில் எடுத்தேன். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தாளிலும் போட்டு முகங்களை வரைந்தபோது, பார்த்தவர்கள் ஆளை அடையாளம் சொல்லும் அளவுக்கு அவை வந்தன. அந்தத் துணிச்சலில் சென்ற ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் சம்மணமிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை நேரில் பார்த்து வரைய முயன்றேன். கண், மூக்கு, வாய் என்று மேலிருந்து தொடங்கி அரை மணி நேரம் உழைத்தபின், தலை பெருத்தும், கால்கள் தாளுக்குள் அடங்காமலும், மொத்தத்தில் கொலுப்படியில் வைத்த பொம்மையைப் போலவும் படம் முடிந்தது. அம்மா பார்த்துவிட்டு, "யாருடா இது, உங்க பெரியத்தையா?" என்று கேட்டார்.

எலும்பையும் தசையையும் படித்த பிறகுதான் ஆட்களை வரைய வேண்டுமா? கட்டம் போட்ட பழக்கம் என்னைக் கெடுத்துவிட்டதா? பழகுவதற்கு நகரத்தில் எங்கே போகலாம்?

கரித்துண்டு:

பெரியத்தை என்றாவது சொன்னாரே. ஆள்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முகத்தின் உறுப்புகளிலிருந்து தொடங்கியதே நீங்கள் இடறிய இடம். கண்ணையும் மூக்கையும் விரிவாக வரைய இடம் தேடும்போது தலை தானாகவே பெருத்துவிடும். மிச்சமிருக்கும் தாளில் உடம்பைத் திணிக்க வேண்டியதாகும்.

நிற்கும் ஆளின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை என்றும், கற்பிக்கும் வசதிக்காக எட்டுத் தலை என்றும் படித்திருப்பீர்கள். சம்மணமிட்டவருக்கு அந்தக் கணக்கு அப்படியே உதவாது. தொடை உங்களை நோக்கி நீண்டிருப்பதால் கண்ணுக்குச் சுருங்கித்தான் தெரியும். ஆனால் தொடை நீளமானது என்று மனத்துக்குத் தெரியுமாதலால், கண் சொல்வதைக் கேளாமல் கை அதை நீட்டிவிடும். உங்கள் படத்தில் கால்கள் தாளைத் தாண்டியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பென்சிலை முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அம்மாவின் தலை உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, உட்கார்ந்த உருவம் எத்தனை தலை உயரம், எத்தனை தலை அகலம் என்று அளந்து பாருங்கள். கை சற்று மடங்கினாலும் அளவு மாறிவிடும்.

அடுத்தது, கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் போல, அதே பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, காதிலிருந்து ஒரு கோடு இறக்கினால் அது உடம்பில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. உருவத்தின் சாய்வு முழுவதும் அந்த ஒரு கோட்டில் பிடிபட்டுவிடும். பிறகு முதுகின் வளைவை ஒரே இழுப்பில் போட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் காலியிடம் என்ன வடிவத்தில் இருக்கிறதோ, அதை வரையுங்கள். காலியிடத்தைப் பற்றி மனத்துக்கு முன்முடிவு எதுவும் இல்லாததால் அது சரியாக வந்துவிடும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், 4பி பென்சில், மலிவான தாள், ரப்பர் வேண்டாம்.

தசைகள் பிறகு வரட்டும். தோள், முழங்கை, இடுப்பெலும்பு, முழங்கால் ஆகியவை எங்கே முட்டித் தெரிகின்றன என்பது இப்போதைக்குப் போதும்.

தட்டிப்பலகை:

கட்டத்தைத் திட்டாதீர்கள். என் சிற்றப்பா அண்ணா சாலையில் நின்ற சினிமா பேனர்களுக்கு வரைந்தவர். உள்ளங்கை அளவுப் புகைப்படத்தை ஆள் உயரத்தைத் தாண்டிப் பெரிதாக்குவதற்குக் கட்டம்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் வரையக் கற்றுக்கொண்ட பிறகு அவர் கட்டம் போட்டார்; நீங்கள் அதைக் கொண்டே கற்க முயல்கிறீர்கள். அம்மாவின் மேல் கட்டம் போட முடியாதல்லவா?

மாம்பலம் மெதுவண்டி:

இடம் கேட்டிருந்தீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு முதலில் செல்லுங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள அம்மன் திருமேனிகளில் எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயர்ந்தும், அதே பக்கத்துத் தோள் தாழ்ந்தும் இருப்பதைக் காணலாம். கனமான பையோடு பேருந்துக்குக் காத்திருப்பவரும் அப்படித்தான் நிற்கிறார். நிலையைப் பாருங்கள், ஆனால் அளவை அங்கிருந்து எடுக்க வேண்டாம். தெய்வத் திருமேனிகளுக்குச் சிற்ப நூல்கள் சொல்லும் பத்துத் தாள உயர அளவான உத்தம தசதாளம் 124 அங்குலம்; இந்த அங்குலம் இன்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் சிற்பக் கணக்கு. ஒரு தாளம் என்பது 12 அங்குலம், முகத்தை அடிப்படையாகக் கொண்ட அளவு. அதைத் தலைக் கணக்கோடு குழப்பி, பத்துத் தலை உயரத்தில் மனிதர்களை நான் ஓராண்டு வரைந்து தள்ளியிருக்கிறேன்.

பின்னர் மெரினாவில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையோடு போராடும் நால்வருக்கும் தனித்தனியே கரித்துண்டு ஐயாவின் தூக்குக்குண்டை விட்டுப் பாருங்கள்.

உயிருள்ள ஆட்களுக்குக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் இருக்கிறது. உறங்குபவர்கள் நல்ல மாதிரிகள். யாரேனும் கவனித்து முகம் சுளித்தால் நோட்டை மூடிவிடுங்கள், கேட்டால் காட்டுங்கள், கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பிறகு வரையலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பெண்களாகிய எங்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கீரைக்கட்டு:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரண்டிரண்டு நிமிடங்களாகப் பதினொரு படங்கள் போட்டேன். காதிலிருந்து இறக்கிய கோடு இடுப்பில் விழும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்; அது கீரைத் தட்டின் விளிம்பில் போய் விழுந்தது. அத்தனை தூரம் அம்மா முன்னால் குனிந்திருக்கிறார் என்பதையே இதுவரை நான் பார்த்ததில்லை. விரல்கள்தான் பிடிபடவில்லை, ஒரு நொடிகூட நிற்பதில்லை.

கரித்துண்டு:

விரல்களை எண்ணாதீர்கள். கட்டைவிரலை மட்டும் பிரித்து, மற்ற நான்கையும் ஒரே வடிவமாகப் போடுங்கள். மோவாயிலிருந்து நெற்றி வரையிலான நீளம் கைக்கு ஏறத்தாழப் பொருந்தும். அடுத்த ஞாயிறு கீரைக்குப் பதிலாக வாழைப்பூ வாங்கிக் கொடுங்கள். ஆய்வதற்கு அதிக நேரம் பிடிக்கும்.