குஸ்னெத்சோவ் என்ற பெயரோடு உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?

முன்னாள் மாணவி

ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவள் நான். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதை விட்டுவிடுகிறேன். மூன்றாம் வருடம் எங்களை மருத்துவமனை வார்டுகளுக்கு அனுப்பத் தொடங்கிய சமயம், ஒரு மூத்த மருத்துவர் எக்ஸ்ரே உறை ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைக் குஸ்னெத்சோவிடம் கொடுத்துவிட்டு வா" என்றார். நானும் மாடியேறிப் போய், கதவில் குஸ்னெத்சோவ் என்று பலகை இருந்த முதல் அறையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அறுவை சிகிச்சைப் பிரிவில் உறையைக் காணவில்லை என்று தேடல். அது சிறுநீரகப் பிரிவில் இருந்த வேறொரு குஸ்னெத்சோவின் மேசையில் கிடந்தது. நல்லவேளை, நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வயிறு கலங்கிப்போனது இன்றும் நினைவிருக்கிறது.

வார்டு நர்ஸ் அம்மா திட்டவில்லை. உட்காரவைத்து, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இந்தக் கட்டிடத்தில் மட்டும் மூன்று குஸ்னெத்சோவ், இரண்டு குஸ்னெத்சோவா. இங்கே யாரையும் குடும்பப்பெயரை மட்டும் சொல்லித் தேடாதே, பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கேள் என்றார்.

அந்தப் பெயருக்கு அர்த்தமும் அவர்தான் சொன்னார். குஸ்னெத்ஸ் என்றால் கொல்லர். அதோடு 'ஓவ்' சேர்த்தால் கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருக்கும். அங்கே இரும்படிக்கிறவரும் பெரும்பாலும் ஒருவர்தான். அதனால் அவர் பிள்ளைகளைக் கொல்லர் மகன் என்று சொன்னாலே ஊருக்குள் அடையாளம் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் இப்படியே நடக்க, ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே பெயர் வந்துவிட்டது. இவானோவ், ஸ்மிர்னோவ் இரண்டுக்கும் பக்கத்திலேயே எந்தப் பட்டியலிலும் இது நிற்கும்.

எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது அந்த அப்பா பெயர் விஷயம்தான். ரஷ்யப் படிவம் எதை எடுத்தாலும் மூன்று கட்டம் இருக்கும்: குடும்பப்பெயர், பெயர், தந்தைவழிப் பெயர். அந்த மூன்றாவதை 'ஒத்சேஸ்த்வோ' என்பார்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அதனால் அங்கே எங்கள் எல்லோருக்கும் மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடுதான் இருக்கும். பதிவறையில் இருந்த வயதான அம்மா ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா இல்லாத பிள்ளையா நீ?" என்று கேட்டார். அப்பா பெயர் செல்வம் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "அப்படியானால் நீ செல்வமோவ்னா" என்றார். படிப்பு முடிக்கும் வரை அந்த அறையில் எனக்கு அதுதான் பெயர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். அவர்களுடைய ஒத்சேஸ்த்வோவும் நம்முடைய இனிஷியலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வகுப்பில் நாலு கார்த்திக் இருந்தால் எஸ்.கார்த்திக், ஆர்.கார்த்திக் என்றுதானே பிரிப்போம்? அதேதான்.

உங்களில் யாருக்காவது இந்தப் பெயரோடு அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நேரில் பார்த்தவர், கேள்விப்பட்டவர், பொருளில் பொறித்திருந்தது, எதுவானாலும் சரி.

அரக்கோணத்துக்காரன்

நான் குஸ்னெத்சோவைப் பார்த்ததில்லை, ஆனால் பல வருடம் கேட்டிருக்கிறேன். சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம் 1992இல் வந்தது. அங்கேதான் டியூ-142 என்ற பெரிய ரஷ்யக் கண்காணிப்பு விமானங்கள் இருந்தன. அது கிளம்பினால் முதலில் காதில் ஒன்றும் விழாது, நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு வரும், அப்புறம்தான் சத்தம். சாதாரண விமானச் சத்தமே கிடையாது, அடித்தொண்டையில் யாரோ விடாமல் ஹூம் என்று இழுப்பது போல இருக்கும். எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்கும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசும். அம்மா ரசத்தைத் தாளித்துக்கொண்டே "போறான் பாரு" என்பார்.

அதன் எஞ்சினுக்கு என்கே-12 என்று பெயர். என்கே என்றால் நிக்கொலாய் குஸ்னெத்சோவ், அதை வடிவமைத்தவர். 1911இல் பிறந்தவர், வோல்கா கரையில் இன்றைய சமாராவில் இருந்த எஞ்சின் நிறுவனத்தின் தலைவர். போருக்குப் பின் சோவியத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பொறியாளர்களும் இந்த எஞ்சினில் அவரோடு வேலை செய்தார்கள். ஒரு எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 15,000 குதிரைத்திறன். விமானத்துக்கு நாலு எஞ்சின். ஒவ்வொன்றிலும் இரண்டு விசிறிகள் முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திசையில் சுற்றும். அந்தச் சத்தத்துக்குக் காரணமே அதுதான்.

2017 மார்ச் 29ஆம் தேதி ராஜாளியில் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். 29 வருட சேவை. அன்றைக்குப் பிறகு எங்கள் பக்கத்து வானமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு விமானத்தை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள், அந்த வருடம் டிசம்பரில் திறந்தது. பையனைக் கூட்டிக்கொண்டு போய், கழுத்தை அண்ணாந்து அந்த விசிறித் தகடுகளைப் பார்த்தேன். ஒரு எஞ்சினுக்கு எட்டுத் தகடு. தாத்தா வீட்டுக் கண்ணாடியை நடுங்கவைத்தது இதுதான் என்று பையனிடம் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

இதே மனிதர் நிலவுக்குப் போகும் ராக்கெட்டுக்கும் எஞ்சின் செய்தவர். சோவியத்தின் என்-1 ராக்கெட், முதல் கட்டத்தில் மட்டும் 30 எஞ்சின். 1969இலிருந்து 1972 வரை நாலு முறை ஏவி நாலும் தோற்றது. திட்டத்தை மூடினார்கள், எஞ்சின்களையும் அழிக்கச் சொன்னார்கள். இவர் அழிக்காமல் ஒரு கிடங்கில் பத்திரமாக வைத்தார். இருபது வருடம் கழித்து அமெரிக்கர்கள் வந்து அந்த என்கே-33 எஞ்சின்களை விலைக்கு வாங்கிப்போனார்கள். 2013இல் அன்டாரெஸ் ராக்கெட் அவற்றில்தான் கிளம்பியது. அடுத்த வருடமே இன்னொரு அன்டாரெஸ் ஏவிய சில நொடிகளில் வெடித்துச் சிதறியது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் உத்தரவை மீறி அவற்றைக் காப்பாற்றிய அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு சந்தேகம். அட்மிரல் குஸ்னெத்சோவ் என்று ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பல் இருக்கிறதே, அதுவும் இவர் பெயரில்தானா?

ஓய்வுபெற்ற மாலுமி

தம்பி, அவர் வேறு. பெயர்கூட ஒன்றுதான், நிக்கொலாய் குஸ்னெத்சோவ். உங்கள் எஞ்சின்காரர் நிக்கொலாய் திமித்ரியெவிச், கப்பல் பெயருக்குரியவர் நிக்கொலாய் கெராசிமொவிச். மேலே தங்கச்சி சொன்ன அப்பா பெயர்தான் இங்கேயும் பிரித்துக் காட்டுகிறது.

நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது வேலை நிமித்தமாகக் கொஞ்ச காலம் வெள்ளைக் கடலோரம் செவரத்வின்ஸ்கில் இருந்தேன். அங்கே கப்பல் தளத்து ஆட்கள் இந்த அட்மிரலைப் பற்றிச் சொந்தப் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள், ஏனென்றால் அவர் அந்த ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்துக் கிராமத்துப் பையன். கடற்படையில் சேர வயது போதாமல் இரண்டு வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர். 34 வயதில் நாட்டின் மொத்தக் கடற்படைக்கும் பொறுப்பு.

1941 ஜூன் 21 இரவு ஜெர்மனி தாக்கப்போகிறது என்பதற்கு அறிகுறிகள் குவிந்திருந்தும் மேலிடம் நம்பத் தயாராக இல்லை. இவர் எல்லாக் கடற்படைப் பிரிவுகளுக்கும் முழுத் தயார்நிலை உத்தரவு அனுப்பினார். தந்தி போய்ச்சேரத் தாமதமாகும் என்று தானே தொலைபேசியிலும் கூப்பிட்டார். விடிவதற்கு முன் செவஸ்தபோல் மேல் விமானங்கள் வந்தபோது நகரம் விளக்கணைத்து இருந்தது, பீரங்கிகள் பதில் சொல்லின. தரையில் நூற்றுக்கணக்கான சோவியத் போர் விமானங்கள் நின்ற இடத்திலேயே எரிந்த அந்த முதல் நாளில், குண்டுவீச்சில் கடற்படை ஒரு போர்க்கப்பலைக்கூட இழக்கவில்லை. கடலில் இருந்தவனுக்குத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பின் அருமை தெரியும்.

அப்படிப்பட்டவரை இரண்டு முறை பதவி இறக்கினார்கள். 1948இல் ஒரு தடவை, மீண்டும் ஏற்றிவைத்து 1956இல் இன்னொரு தடவை. நவரஸீஸ்க் போர்க்கப்பல் செவஸ்தபோலில் வெடித்து மூழ்கியதற்குப் பொறுப்பாக்கி, துணை அட்மிரலாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1974இல் இறந்தார். பதவியைத் திருப்பிக் கொடுத்தது 1988இல், அவர் மனைவியும் பழைய சகாக்களும் வருடக்கணக்கில் மனுப் போட்ட பிறகு. கப்பலுக்கும் முதலில் ரீகா, அப்புறம் பிரெஷ்னெவ், அப்புறம் திபிலீசி என்று பெயர் மாறிக்கொண்டே வந்து, 1990இல்தான் இவர் பெயர் வைத்தார்கள்.

1956இல் இவர் இடத்துக்கு வந்தவர் செர்கேய் கர்ஷ்கோவ். நம் விக்ரமாதித்யாவின் பழைய பெயர் அட்மிரல் கர்ஷ்கோவ். 2013 நவம்பரில் அதை நாம் வாங்கிக்கொண்டபோது குளிரில் கொடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, ஏனோ அந்தப் பதவி இறக்கப்பட்ட மனிதர்தான் நினைவில் இருந்தார்.

கீவிலிருந்து திரும்பியவள்

மூன்றாவதாக ஒரு நிக்கொலாய் இருக்கிறார், நிக்கொலாய் இவானவிச். இவரும் 1911. யூரல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஜெர்மனிக்குப் போகாமலேயே ஜெர்மன் மொழியை அந்த நாட்டவரைப் போலப் பேசக் கற்றவர். போரின்போது மேற்கு உக்ரைனில் பவுல் சீபெர்ட் என்ற ஜெர்மன் அதிகாரியாக உடுப்புப் போட்டுக்கொண்டு உளவு பார்த்தவர், 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார்.

என் விடுதி அறைத்தோழி ரிவ்னே மாகாணத்தில் அணுமின் நிலையம் இருக்கும் ஊர்க்காரி. பிறப்புச் சான்றிதழில் குஸ்னெத்சோவ்ஸ்க், புது ஆவணங்களில் வராஷ். ஊர் ஒன்றுதான். இந்த உளவாளியின் பெயரை வைத்திருந்த ஊருக்கு 2016இல் பழைய பெயரையே திருப்பி வைத்தார்கள். அவர் எனக்கு யாரோ, ஊர் மட்டும்தான் என்னுடையது என்பாள் அவள். ரஷ்யாவில் வீரர் என்று படிக்கிற இவரை உக்ரைனில் எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை, அதை அவள் பேச்சில்தான் புரிந்துகொண்டேன்.

உக்ரைன் மொழியில் கொல்லருக்குக் கவால் என்று பெயர். கவாலென்கோ என்ற குடும்பப்பெயர் எங்கே பார்த்தாலும் இருக்கும். அவள் பெயரும் அதுதான்.

டென்னிஸ் பைத்தியம்

எனக்குக் குஸ்னெத்சோவா என்றால் ஸ்வெத்லானாதான். 2004 யு.எஸ். ஓபன், 2009 பிரெஞ்சு ஓபன் இரண்டும் ஜெயித்தவர். ஆனால் நான் அவரை நினைப்பது தோற்ற ஆட்டத்துக்காக. 2011 ஆஸ்திரேலிய ஓபன் நாலாம் சுற்று, எதிரே இத்தாலியின் ஸ்கியவோனே. காலை டிபனோடு டிவி முன்னால் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவில்லை. 4 மணி 44 நிமிடம்! ஆறு மேட்ச் பாயிண்ட் கையில் வந்தும் நழுவி, மூன்றாவது செட் 16-14. காலில் கட்டு மாற்றிக்கொண்டு மறுபடி வந்து அந்த முன்கை அடியை அடிப்பார் பாருங்கள், அந்தச் சத்தம்! உலைக்களத்துச் சம்மட்டி என்றே எனக்குத் தோன்றும், அப்போது பெயரின் அர்த்தம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, அந்த வீட்டில் எல்லோரும் சைக்கிள்காரர்கள். அம்மா ஆறு முறை உலகச் சாம்பியன், அப்பா பயிற்சியாளர், அண்ணன் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி. அண்ணன் பெயர் என்ன தெரியுமா? நிக்கொலாய் குஸ்னெத்சோவ். உங்கள் பட்டியலில் நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் பிரியை

மாஸ்கோ இஸ்மாய்லவா சந்தையில் பழைய சாமான் விற்கும் வரிசையில் ஒரு தேநீர்க் கோப்பை வாங்கினேன். வெள்ளையில் பெரிய ரோஜா, விளிம்பில் பொன்கோடு பாதி தேய்ந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முத்திரை, இரட்டைத் தலைக் கழுகு, கூடவே எம்.எஸ். குஸ்னெத்சோவா என்று எழுத்து. யாரோ ஒரு பெண்மணி நூறு வருடம் முன்பே பீங்கான் ஆலை நடத்தியிருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். விற்றவரிடம் அதையே சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். முழு வாசகம் 'குஸ்னெத்சோவின் கூட்டுநிறுவனம்' என்பது. நாம் 'உடைய' என்று சேர்ப்பது போல அங்கே கடைசியில் ஒரு 'ஆ' வரும். பெண் பெயரும் அதே 'ஆ'வில்தான் முடியும்.

அவர் மத்வேய் சீதரவிச் குஸ்னெத்சோவ், 1846–1911. துல்யவோ, ரீகா என்று பல ஊர்களில் ஆலைகள், பீங்கான் ராஜா என்றே சொல்வார்கள். மத்திய ஆசியாவுக்கென்றே தனியாகக் கிண்ணமும் கெண்டியும் செய்து அனுப்பியவர்கள். குடும்பத்தின் மூதாதையர் க்ஷேல் பக்கத்துக் கிராமத்தில் கொல்லுவேலை செய்தவர்கள். இரும்படித்த கையிலிருந்து மண் பிசையும் கைக்கு வந்த வீடு.

எம்.எஸ். என்று அடியில் போட்டிருக்கிறதே, அந்த எஸ் அப்பா சீதர் பெயர். முன்னாள் மாணவி சொன்ன இனிஷியல் கோப்பை அடியிலும் இருக்கிறது.

முன்னாள் மாணவி

எல்லோருக்கும் நன்றி. பீங்கான் பிரியை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் என்னிடம் இருக்கும் ஒரே ரஷ்யக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அந்த நர்ஸ் அம்மா கொடுத்தது. துல்யவோ என்று ஒரு பருந்து முத்திரை இருக்கிறது, சோவியத் காலத்தது. அதே ஆலைதானே? விளிம்பில் சின்னதாக ஒரு விரிசல் இருப்பதால் அதில் சூடாக எதுவும் ஊற்றுவதில்லை.