புதுப்பிப்பு: ஏற்காடு ஏறும்போது அணைந்த பழைய பைக் சரியாகிவிட்டது

ஏற்காடு மலைப்பாதையில் 12வது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் என் 1998 மாடல் பைக் அணைகிறது, ஆறினால் கிளம்புகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் சிடிஐ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டி) மாற்றினேன், காசுதான் போனது. "பிக்கப் காயிலைச் சூட்டோடு அளந்து பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று சிடிஐக்குச் சிக்னல் தரும் கம்பிச்சுருள் அது. வீட்டில் ஆறிய நிலையில் 190 ஓம். அணைந்த இடத்திலேயே, சுற்றிலும் குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் ஓ.எல்., அதாவது இணைப்பே இல்லை! உள்ளே அறுந்த கம்பி சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

எதிர்பாராதது ஒன்று: புதுக் காயிலில் இரண்டு ஒயரும் நிறம் மாறி வந்திருந்தன. நிறத்தைப் பார்த்து அப்படியே கோத்ததில் கிக்கர் காலைத் திருப்பி அடித்தது. இடம் மாற்றியதும் அடங்கியது.

நேற்று 20 வளைவும் நிற்காமல் ஏறியாச்சு, பழைய சிடிஐயோடுதான்.